பழைய ஸ்னைப்பர் துப்பாக்கிக்கு நகல் ஸ்கோப்: தேர்வு முதல் பராமரிப்பு வரை

நான் முதன்முதலில் வாங்கிய பி.யூ ஸ்கோப்பை (சோவியத் ஸ்னைப்பர் துப்பாக்கியின் மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி) “1943-இல் செய்தது, அப்படியே இருக்கிறது” என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினார்கள். கறுப்புப் பூச்சு அங்கங்கே உரிந்து, ஓரங்களில் வெள்ளையாக உலோகம் தெரிந்தது. பார்க்கவே அழகு. வீட்டுக்குக் கொண்டுவந்து டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தேன். முன் லென்ஸில் பச்சையாக ஒரு மினுக்கம் ஓடியது. அந்தப் பச்சை, இன்றைய கேமரா லென்ஸில் தெரிகிற பச்சை. ஸ்டாலின்கிராடில் அது இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நகல் என்ற அளவில் நல்ல பொருள்தான். நகலை நகல் என்று தெரிந்து, நகலுக்கான விலை கொடுத்து வாங்கினால் ஒரு குறையும் இல்லை. ஒரிஜினல் ஸ்கோப்புகள் கிடைப்பதும் அரிது, விலையும் எட்டாது. மழையிலும் சேற்றிலும் நடக்கும் போர்க்கால மறுநிகழ்வுகளுக்கு அவற்றைத் தூக்கிக்கொண்டு போவதும் நியாயமில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களையும், அந்தக் காலச் சீருடையில் மறுநிகழ்வுகளில் கலந்துகொள்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். செயலிழக்கச் செய்த துப்பாக்கி, மரத்தாலோ உலோகத்தாலோ ஆன மாதிரி, சட்டப்படி வைத்திருக்கும் பழைய துப்பாக்கி, எதில் பொருத்துவதானாலும் கீழே உள்ளவை பொருந்தும்.

முதல் படி: ஸ்கோப்பை விடுங்கள், ஆண்டைப் பிடியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு, கண்ணுக்குப் பிடித்த ஸ்கோப்பை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் அதற்குத் துப்பாக்கி தேடுவது. நேர்மாறாகச் செய்யுங்கள். எந்தப் போர்முனை, எந்த ஆண்டு, எந்தப் படை என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்கோப் தானாகவே முடிவாகிவிடும்.

பிரிட்டிஷ் படையை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் வேண்டியது நம்பர் 4 மார்க் 1 (டி) துப்பாக்கியும் அதன்மேல் உட்காரும் நம்பர் 32 ஸ்கோப்பும்தான். நார்மண்டி 1944 என்றால் சரி. டன்கிர்க் 1940 என்றால் தவறு. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் இந்தத் துப்பாக்கிகளைப் பெருமளவில் ஸ்னைப்பர் வடிவத்துக்கு மாற்றத் தொடங்கியதே 1942-இல்தான். அதற்கு முன்பு பிரிட்டிஷ் ஸ்னைப்பர் கையில் இருந்தது நம்பர் 3 மார்க் 1* (டி). முதல் உலகப் போர்க்காலத்து பேட்டர்ன் 14 துப்பாக்கியும், அதன்மேல் 1918 மாதிரி ஆல்டிஸ் வகை ஸ்கோப்பும்.

சோவியத் பக்கமும் இதே கதைதான். மோசின்-நாகன்ட் 91/30 துப்பாக்கியின் மேல் பி.யூ ஸ்கோப் 1942-இல்தான் வருகிறது. அது முதலில் எஸ்.வி.டி-40 அரைத் தானியங்கித் துப்பாக்கிக்காக உருவான ஸ்கோப். அதற்கு முந்தைய ஆண்டுகளைக் காட்டுவதானால் நீளமும் கனமுமான, 4 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பி.இ அல்லது பி.இ.எம் ஸ்கோப் வேண்டும். 1939–40 சோவியத்–ஃபின்லாந்து குளிர்காலப் போரைக் காட்டும் குழுவில் யாராவது பி.யூ வைத்த மோசினோடு வந்தால், விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். அதே போரில் ஃபின்லாந்துப் படையின் சிமோ ஹாயா ஸ்கோப்பே வைத்துக்கொள்ளவில்லை. லென்ஸின் மினுக்கம் காட்டிக்கொடுக்கும், தலையையும் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கும் என்பதால் துப்பாக்கியோடு வரும் வெறும் இரும்புக் குறியோடுதான் சுட்டார். அவர் வேடத்தில் நிற்க ஆசைப்பட்டால் இந்தச் செலவே மிச்சம்!

அமெரிக்கப் பக்கம் எம்1903ஏ4 என்றால் 1943-க்குப் பிறகு. ரெமிங்டன் செய்தது, மேலே வீவர் 330 ஸ்கோப். ராணுவம் அதற்கு வைத்த பெயர் எம்73பி1. இந்தத் துப்பாக்கியில் இரும்புக் குறியே கிடையாது, அது நினைவிருக்கட்டும். மரீன் படை என்றால் ஆளே மாறிவிடும்: எம்1903ஏ1 மேல் நீண்ட குழாய்போல அனெர்ட்டில் 8 மடங்கு ஸ்கோப்.

இரண்டாம் படி: ‘நகல்’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு பொருள்

விற்பவர் “ரெப்ளிகா” என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எது என்று கேளுங்கள்.

ஒன்று, வெறும் கூடு. உள்ளே லென்ஸ் இல்லை, அல்லது சாதாரணக் கண்ணாடி. தூரத்திலிருந்து பார்க்கும் மேடைக்கும், காட்சிப் பெட்டிக்கும் இது போதும். யாராவது கேட்டு எட்டிப் பார்க்கும் நிகழ்ச்சிக்குப் போதாது.

இரண்டு, புதிதாகச் செய்த, வேலை செய்கிற ஸ்கோப். ஹை-லக்ஸ் நிறுவனம் எம்73, எம்82, மரீன் படையின் அனெர்ட்டில் ஆகியவற்றை ஒட்டிச் செய்பவை இந்த வகை. தங்கள் பெயரைப் போட்டே விற்கிறார்கள், ஒளிவுமறைவு இல்லை. அளவும் தோற்றமும் நெருக்கமாக இருக்கும். உள்ளே இருப்பது இன்றைய ஒளியியல்.

மூன்று, பழைய வடிவமைப்பைப் போருக்குப் பின் வேறு நாட்டிலோ அதே நாட்டிலோ தொடர்ந்து செய்தது. ருமேனியாவில் செய்த பி.யூ வகை ஸ்கோப்புகள் இப்படிப்பட்டவை. இவற்றை நகல் என்பதா ஒரிஜினல் என்பதா என்று சேகரிப்பாளர்களுக்குள்ளேயே தகராறு உண்டு. என்னைக் கேட்டால், ராணுவத்துக்காகச் செய்த பொருள் நகல் இல்லை. ஆனால் 1943-ஐச் சேர்ந்ததும் இல்லை.

நான்கு, ஏமாற்றுவதற்கென்றே செய்தது. புதுக் குழாயில் பழைய எண்ணும் முத்திரையும் குத்தி, அமிலத்தால் பழமையேற்றி, ‘போர்க்கால ஒரிஜினல்’ என்று விற்பது. என் பச்சை மினுக்கம் இந்த ரகம். ஜெர்மன் பொருட்களில் இது மிக மிக அதிகம். கே98கே (ஜெர்மன் படையின் துப்பாக்கி) ஸ்னைப்பர் என்று யார் காட்டினாலும், பொய் என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்து, உண்மை என்று நிரூபணமானால் சந்தோஷப்படுங்கள்.

மூன்றாம் படி: பணம் கட்டும் முன் சட்டம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் தாண்டிப் போக வேண்டாம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் வரையறையில் ஆயுதத்தின் பாகங்களும் ஆயுதத்தோடு சேர்த்தே வருகின்றன. 2016 விதிகள் துப்பாக்கி நகல்களையும் வரையறுக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன், உங்கள் மாவட்ட உரிமம் வழங்கும் அலுவலகத்திலோ விவரம் தெரிந்த வழக்கறிஞரிடமோ எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுங்கத்தில் மாட்டிய பார்சலை மீட்க அலைவதைவிட அது எளிது.

பிரிட்டனில் உள்ளவர்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம் முக்கியம். நிஜம்போலத் தோன்றும் போலித் துப்பாக்கிகளை விற்பதை அது தடுக்கிறது. முறைப்படி நடக்கும் வரலாற்று மறுநிகழ்வுகளுக்கு விலக்கு உண்டு. குழுவின் உறுப்பினர் அட்டையும் காப்பீட்டுத் தாளும் கையோடு இருக்கட்டும்.

நான்காம் படி: கையில் வாங்கிப் பார்ப்பது

எனக்கு இதில்தான் ருசி. ஒரு ஸ்கோப்பைக் கையில் கொடுத்தால் நான் இந்த வரிசையில்தான் பார்ப்பேன்.

முதலில் விளக்கு. டியூப்லைட் போதும். ஸ்கோப்பைச் சாய்த்துச் சாய்த்து, முன் லென்ஸில் விளக்கின் பிம்பம் என்ன நிறத்தில் விழுகிறது என்று பாருங்கள். பூச்சில்லாத லென்ஸில் பிம்பம் வெள்ளையாகவே இருக்கும். ஒற்றைப் பூச்சு என்றால் நீலமோ ஊதாவோ கலந்திருக்கும். ஒளிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சை ஜெர்மனியின் சைஸ் (Zeiss) நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-இலேயே உருவாக்கிவிட்டார். ஆகவே ‘பூச்சு இருக்கிறது, அதனால் போலி’ என்று அவசரப்பட வேண்டாம். ஆனால் பச்சையும் செம்மஞ்சளும் கலந்து மினுக்கினால் அது பல அடுக்குப் பூச்சு. போர் முடிந்து வெகுகாலம் கழித்து வந்த சமாச்சாரம்.

பிறகு அதே லென்ஸின் ஓரம். அந்தக் காலத்தில் இரண்டு கண்ணாடிகளை ஒட்டக் கனடா பால்சம் என்ற மரப்பிசினைப் பயன்படுத்தினார்கள். எண்பது ஆண்டில் அது மஞ்சளாகும், ஓரத்திலிருந்து வானவில் நிறத்தில் பிரியத் தொடங்கும். விலையைக் குறைக்கிற குறைதான். ஆனாலும் அதைப் பார்த்தால் எனக்கு ஒரு நிம்மதி. வயதை அவ்வளவு இயல்பாக யாரும் நடித்துக் காட்ட முடியாது.

அடுத்தது எண்களும் முத்திரைகளும். பழைய எண்கள் சுத்தியலால் அடித்துக் குத்தியவை. உலோகம் அமுங்கும்போது பள்ளத்தின் இரு பக்கமும் மெல்லிய வரம்பு எழும்பும்; நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். ஒரு எண் கொஞ்சம் ஆழமாக, அடுத்தது லேசாகச் சாய்ந்து இருக்கும். லேசரால் பொறித்த எண்ணில் அடிப்பகுதி தட்டையாக, எல்லா எழுத்தும் ஒரே ஆழத்தில், கறுத்த ஓரத்தோடு இருக்கும். பத்து மடங்கு பூதக்கண்ணாடி ஒன்று சட்டைப் பையில் இருந்தால் இது ஒரு நிமிட வேலை.

சேகரிப்பவருக்கு எண் என்பது வெறும் எண் அல்ல. நம்பர் 4 (டி)-யில் ஸ்கோப்பின் எண்ணைத் தோளில் அணைக்கும் மரப் பட்டின் மேல்புறம், கைப்பிடி மெலியும் இடத்தில் குத்தியிருப்பார்கள். துப்பாக்கியின் எண் ஸ்கோப்பைத் தாங்கும் பிராக்கெட்டில் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று சுட்டும். பட் வந்து பொருந்தும் உலோகச் சாக்கெட்டின் இடப்பக்கம் ‘டி’ என்ற எழுத்து. பி.எஸ்.ஏ ஷெர்லி தொழிற்சாலையிலிருந்து ஸ்னைப்பர் பணிக்கெனத் தேர்ந்தெடுத்தவற்றில் ‘டி.ஆர்’. மோசினில் ஸ்கோப் எண் குழலின் அடிப்பகுதியில் இடப்பக்கம் இருக்கும். போருக்குப் பின் பழுதுபார்த்தபோது பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண் குத்திய துப்பாக்கிகள் உண்டு. அடித்தல் இருப்பதாலேயே மோசடி என்று நினைக்காதீர்கள். நகல் ஸ்கோப் வாங்கும்போது மட்டும், உங்கள் துப்பாக்கியின் எண்ணோடு பொருந்தும்படி எண் குத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். இன்றைக்கு உங்களுக்கு அது விளையாட்டு. இருபது ஆண்டு கழித்து உங்கள் வாரிசிடம் வாங்குபவருக்கு அது மோசடி.

திருகுகளையும் விடாதீர்கள். அந்தக் கால ஸ்கோப்பிலும், அதைத் துப்பாக்கியில் பிடிக்கும் மவுண்டிலும் இருப்பவை ஒற்றைக் கோடு வெட்டிய திருகுகள். ஆலன் கீ போடும் அறுகோணக் குழித் திருகைச் சோவியத் மவுண்டில் பார்த்தால் கேள்வியே வேண்டாம்.

கடைசியாக ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கம்பியைப் பாருங்கள். பி.யூ-வில் கீழிருந்து ஒரு கூர்முனைத் தூண், இருபுறமும் இரண்டு தடித்த கம்பிகள், நடுவே இடைவெளி. நம்பர் 32-இல் ஒரு தூணும் குறுக்கே மெல்லிய கம்பியும். பல மலிவு நகல்களில் வெளிக்கூடு கச்சிதமாக இருக்கும்; உள்ளே பார்த்தால் வேட்டை ஸ்கோப்பின் சிலுவைக் கோடு. இன்னொன்று: ஒரிஜினல் பி.யூ-வில் குறியைச் சரிசெய்யும் மேல் டிரம்மையோ பக்க டிரம்மையோ திருகினால் குறிக்கம்பியே வட்டத்துக்குள் நகரும். நடுவை விட்டு விலகி நிற்கும். பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். டிரம்மைச் சுழற்றியும் கம்பி எப்போதும் நட்டநடுவிலேயே நின்றால், உள்ளே இருப்பது புதுக் காலத்து அமைப்பு.

அளவையும் சரிபாருங்கள். பி.யூ 3.5 மடங்கு, நீளம் 169 மில்லிமீட்டர், எடை சுமார் 270 கிராம். மேல் டிரம்மில் 13 வரை எண்கள், அதாவது 1300 மீட்டர். நம்பர் 32 மூன்று மடங்குதான், ஆனால் பிராக்கெட்டோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோ. முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைத்தது என்பதால் அந்த முரட்டு உடம்பு. டிரம்மில் 1000 கெஜம் வரை. அலுமினியத்தில் செய்த நகல் கையில் தூக்கியதுமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்தாம் படி: மவுண்ட்தான் பாதி வேடம்

ஸ்கோப்புக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை மவுண்டுக்குக் கொடுங்கள். பத்தடி தள்ளி நிற்பவருக்குத் தெரிவது மவுண்ட்தான்.

மோசினுக்குக் கொச்செட்டோவ் மவுண்ட். அடித்தட்டு ரிசீவரின் (குழலின் பின்னுள்ள, போல்ட் ஓடும் உலோகப் பகுதி) இடப்பக்கம் இரண்டு பெரிய திருகுகளால் இறுகும். முன்னே ஒரு உருண்டை முனையில் மவுண்ட் உட்காரும், பின்னே மேலும் கீழுமாக இரண்டு திருகுகள் அதைப் பிடிக்கும். இதைப் பொருத்தினால் நேராக நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண போல்ட் கைப்பிடி (குண்டை ஏற்ற இழுக்கும் பிடி) ஸ்கோப்பில் இடிக்கும். அதனால்தான் ஸ்னைப்பர் துப்பாக்கியில் நீளமான, கீழே வளைந்த கைப்பிடி. ஸ்கோப்பை மாட்டிவிட்டு நேர் கைப்பிடியோடு வருவது, வேட்டி கட்டிக்கொண்டு டையும் கட்டியது மாதிரி.

இதை ஒட்டி ஒரு கெஞ்சல். போருக்குப் பின் பல மோசின் ஸ்னைப்பர்களில் ஸ்கோப்பைக் கழற்றி, துளைகளை அடைத்துப் பற்றவைத்து, சாதாரணத் துப்பாக்கியாகத் திருப்பிவிட்டார்கள். இடப்பக்கம் மரத்துக்கு மேலே வட்ட வட்டமாக அடைப்புத் தெரிந்தால் அது முன்னாள் ஸ்னைப்பர். அதுவே ஒரு வரலாற்றுச் சான்று. துளையைத் திரும்பத் திறக்காதீர்கள். அப்படி எந்த அடையாளமும் இல்லாத பழைய துப்பாக்கியில் நகல் மவுண்டுக்காகப் புதுத் துளை போடுவதும் வேண்டாம். துளை போட ஒரு மாதிரித் துப்பாக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்பர் 4 (டி)-யில் வார்ப்பு பிராக்கெட், இடப்பக்கம் இரண்டு பெரிய கைத்திருகுகள், ரிசீவரில் முன்னும் பின்னும் இரண்டு பட்டைகள். கூடவே பட்டின் மேல் கன்னத்தை வைக்க ஒரு மரக்கட்டை. அந்தக் கட்டை இல்லாத (டி) பார்க்கவே மூளியாக இருக்கும்.

ஜெர்மன் இசட்.எஃப் 41 ஸ்கோப்புக்கு இந்தத் தொல்லை குறைவு. 1.5 மடங்குதான், கண்ணுக்கு அருகே இல்லாமல், முன்னால் தள்ளி, பின்குறி அடித்தளத்தின் இடப்பக்கத்துத் தண்டவாளத்தில் உட்காரும். முழு ஸ்னைப்பருக்கு என்றில்லாமல், நன்றாகச் சுடும் சாதாரணச் சிப்பாய்க்கு என்று வந்தது. முனைகளில் மாட்டும் மழைக் குழாய்களும், இடுப்பில் தொங்கும் தகரப் பெட்டியும் இருந்தால்தான் அது முழுமை.

ஆறாம் படி: பழமையேற்றுவதா?

மறுநிகழ்வுக் குழுக்களில் வினிகரிலும் அமிலத்திலும் நனைத்துப் பழமையேற்றும் பழக்கம் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. 1944-இல் அந்தச் சிப்பாயின் கையில் இருந்த ஸ்கோப் புத்தம் புதிது. ஓராண்டு, இரண்டாண்டு வயது. எண்பது ஆண்டுத் துருவோடு வருவது வரலாற்றுக்கே பொருந்தாது. பளபளப்பு உறுத்தினால் மெல்லிய எஃகுக் கம்பளியால் விளிம்புகளை மட்டும் லேசாகத் தேய்த்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, ஒரு பருவம் வெளியே எடுத்துப் போங்கள். கைபட்ட இடத்தில் தானாகவே தேயும்.

அதோடு, மவுண்டை மாட்டினால் மறைந்துவிடும் இடத்தில் ‘நகல்’ என்ற சொல்லையும் செய்த ஆண்டையும் சிறிதாகப் பொறித்துவிடுங்கள். வெளித்தோற்றத்துக்கு ஒன்றும் குறையாது.

ஏழாம் படி: மைதானத்தில்

பார்வையாளர்கள், குறிப்பாகப் பிள்ளைகள், “இதில் எவ்வளவு தூரம் தெரியும் அங்கிள்?” என்று கேட்காமல் போகமாட்டார்கள். அவர்களுக்குக் காட்ட, ஸ்கோப்பைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிக் கையில் கொடுங்கள். கூட்டம் இருக்கும் திசையில் துப்பாக்கியைத் தூக்கி ஸ்கோப் வழியாகப் பார்ப்பது, அது செயலிழந்த துப்பாக்கியே ஆனாலும், மன்னிக்க முடியாத தவறு. தூரத்தைப் பார்க்க வேண்டுமானால் பைனாகுலர் எதற்கு இருக்கிறது? சூரியனை மட்டும் யாரும் எதிலும் பார்த்துவிடாதபடி கவனித்துக்கொள்ளுங்கள்.

வேடத்தில் ஒரு நுணுக்கம். பி.யூ மாட்டிய மோசினில் ஐந்து குண்டுக் கிளிப்பை மேலிருந்து அழுத்தி ஏற்ற இடமில்லை. ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். எம்1903ஏ4-லும் அப்படியே. ஜப்பானியர்கள் டைப் 97 ஸ்னைப்பர் துப்பாக்கியில் ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளி வைத்து இந்தச் சிக்கலைத் தவிர்த்தார்கள். ஆகவே ஸ்னைப்பராக நிற்பவர் கிளிப்பை எடுத்து ஏற்றுவதுபோல நடித்தால், எந்தத் துப்பாக்கி என்று பார்த்துச் செய்யட்டும்.

எட்டாம் படி: நம் ஊர் ஈரத்தில் வைத்திருப்பது

சென்னை, நாகை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் லென்ஸின் முதல் எதிரி பூஞ்சை. அந்தக் கால ஸ்கோப்புகளிலும் மலிவு நகல்களிலும் உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்திருக்க மாட்டார்கள். ஈரம் உள்ளே போகும். சிலந்தி வலைபோல மெல்லிய இழைகள் லென்ஸில் படர்ந்தால் அதுதான்.

தோல் மூடியை மாட்டியபடி பெட்டியில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஸ்கோப்பை மூடியில்லாமல் வையுங்கள், தோல் சாமான்களைத் தனியே வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடலாம். கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் ஈரம் உறிஞ்சும் அலமாரி கிடைத்தால் இன்னும் உத்தமம். மாதம் ஒருமுறை எடுத்து விளக்கொளியில் பாருங்கள்.

லென்ஸைத் துடைக்கும் முன் ரப்பர் பந்து ஊதியால் தூசியை விரட்டுங்கள். வேட்டித் துணி மென்மைதானே என்று அப்படியே தேய்த்தால், மணல் துகள் கோடு போட்டுவிடும். உள்ளே பூஞ்சை வந்துவிட்டால் நகல் என்றால் நீங்களே பிரித்துப் பழகலாம். ஒரிஜினல் என்றால் திருகுமுனையை அதன்மேல் வைக்கவே வைக்காதீர்கள், பழைய கேமரா லென்ஸ் பார்க்கிற நல்ல கைவினைஞரிடம் கொடுங்கள்.

ஒரு நோட்டும் போட்டுக்கொள்ளுங்கள்: எங்கே, எப்போது வாங்கியது, விற்றவர் என்ன என்று சொன்னார், நீங்கள் என்ன கண்டீர்கள், எந்தத் திருகை மாற்றினீர்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த பி.யூ இருக்கிறது. “1943 என்றார்கள். பச்சை மினுக்கம். நகல்” என்று எழுதி, பக்கத்திலேயே கொடுத்த விலையையும் எழுதி வைத்திருக்கிறேன்.